டைரக்டரம்மா அத்தையிடம் கேட்டது

சீனாப் பல் டாக்டர்களை நம்ம வயசுக்காரங்க மறந்திருக்க மாட்டீங்க. இப்போது உள்ள பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். மதுரை, திருநெல்வேலி மாதிரிப் பெரிய ஊர்களில் மட்டுமில்லை, எங்கள் தென்காசியிலும் ஒரு சீனாக்காரர் மாடியில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். வாசலில் வாயை மட்டும் வரைந்த போர்டு தொங்கும். சிவப்பு உதடு, வரிசையாக வெள்ளைப் பல், முகம் கிடையாது. படியேறும்போதே கிராம்புத் தைலம் மணக்கும். கண்ணாடி அலமாரிக்குள் பல் செட்டுகள் ஆளில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். சின்ன வயதில் எனக்குச் சீனாக்காரர் என்றால் பல் டாக்டர், பல் டாக்டர் என்றால் சீனாக்காரர். எனக்கு மட்டுமில்லை, எங்கள் பக்கத்துக்கே அப்படித்தான்.

அந்த நினைப்பினால் ஒரு சீசனில் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். பேசச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மேலகரத்தில். அப்பா போலீஸில் ஏட்டு, ஊரில் எல்லாருக்கும் ஏட்டையா. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் அவரைக் குற்றாலம் சீசன் டூட்டிக்குப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் கூடினால் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்ற வேண்டும். வீட்டுக்கு வரும்போது காக்கிச் சட்டை பிழிகிற ஈரமாக இருக்கும். அம்மா அதை அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப் போடுவாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அப்பாவின் வாசனை என்பது விறகுப் புகையும் பாசியும்தான்.

அத்தை அப்பாவின் தங்கச்சி, எங்களோடுதான் இருந்தாள். நல்ல நிறம், முழங்காலைத் தொடும் முடி. ஆனால் முன்பல் நாலும் உதட்டை விட்டு வெளியே நிற்கும். யாராவது கூப்பிட்டால் முந்தானை நுனி முதலில் வாய்க்குப் போகும், பிறகுதான் குரல் வரும். அந்தப் பல்லால் அவள் கரும்பை உரிப்பதைப் பார்க்க வேண்டும். தோல் ஒரே நீளமாகக் கிழிந்து வரும். நானும் அவளும் மட்டும் வாய்க்காலில் துணி துவைக்கும்போது கையை எடுத்துவிட்டுச் சிரிப்பாள். வெண்கலப் பானையைப் படியில் உருட்டிவிட்டது மாதிரி ஒரு சிரிப்பு. அது வாய்க்காலுக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு.

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிள்ளை லெட்சணமாத்தான் இருக்கு என்று இழுத்துவிட்டு, கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் கீழப்பாவூரிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை மிலிட்டரி. ஆவணியில் லீவில் வந்து பெண் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு இதுவும் தட்டிவிடக்கூடாது என்று ஒரே கவலை. அவர் அத்தையின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண் வாயில்தான் போய் நிற்கும்.

அப்படி இருக்கும்போதுதான் குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்கு அந்த அம்மா வந்து இறங்கினார். சீன முகம், ஆண்பிள்ளை மாதிரி கிராப்பு, கால்சட்டை, சட்டைப்பை நிறைய பேனா. கூட ஒரு நெட்டை வெள்ளைக்காரர். வேனிலிருந்து இறங்கியதெல்லாம் தகரப் பெட்டிகள், முக்காலிகள், விளக்குகள். உதவிக்கு இங்கிலீஷும் தமிழும் தெரிந்த ஒரு மெட்ராஸ்காரர் வந்திருந்தார். ஏதோ ஒரு பெட்டி வழியில் தவறிவிட்டது என்று அவர் மறுநாளே மெட்ராஸுக்குத் திரும்பிவிட்டார். மிச்சம் இருந்த இரண்டு பேருக்கும் தமிழ் ஒரு சொல் தெரியாது. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாதுகாப்பு என்று இன்ஸ்பெக்டர் அப்பாவை அந்தப் பங்களாவில் போட்டார். யார், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பார்த்தாலே தெரிகிறதே என்றுதான் அப்பா நினைத்தார்.

பங்களாச் சமையல்காரருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. அவர் அந்த அம்மா முன்னால் போய் வாயைத் திறந்து காட்டினார். அந்த அம்மா பாவம் பார்த்து இரண்டு மாத்திரை கொடுத்தார். சாயங்காலத்துக்குள் வலி நின்றுவிட்டது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் காதில் விழுந்தால் ஐந்தருவி வரைக்கும் போய்விடும். அமெரிக்காவிலிருந்து சீனாப் பல் டாக்டரம்மா வந்திருக்காளாம், வெள்ளைக்காரனையே கம்பவுண்டரா வச்சிருக்காளாம் என்று ஒரே பேச்சு. மறுநாள் காலையில் சாரலில் குடையும் கோணிச்சாக்குமாகப் பங்களா வாசலில் வரிசை நின்றது. அப்பா லத்தியை வைத்து வரிசையைச் சரிசெய்தார். ஆளுக்கு முந்தாதீங்க, டாக்டரம்மா எல்லாரையும் பாப்பாங்க என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா வெளியே வந்து பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்து காட்டினார்கள். அவர் உள்ளே போய் வெள்ளைக்காரரைக் கூட்டிவந்தார். முக்காலியை நிறுத்தி, அதன் மேல் ஒரு மிஷினை மாட்டி, வரிசையில் நின்ற வாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரி இது பல்லுக்கு உள்ளது என்று முடிவாகிவிட்டது.

அப்பா அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து அத்தையைக் கிளம்பச் சொன்னார். தென்காசி டாக்டர் என்றால் பல்லைப் பிடுங்கி செட் வைப்பார், அமெரிக்காவில் படித்த சீனா டாக்டர் என்றால் பிடுங்காமலே நேராக்கிவிடுவார் என்பது அவர் கணக்கு. துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

பங்களா வராந்தாவில் அத்தையை நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். வெளியே சாரல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கைக்கு அடக்கமான ஒரு சின்னக் கருவியை அத்தையின் கன்னத்துப் பக்கம் கொண்டுவந்து, அதில் முள் ஆடுவதைப் பார்த்தார். பல்லின் சூட்டைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு துணி டேப்பை எடுத்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்து அத்தையின் மூக்குப் பக்கம் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மறுமுனை மிஷினின் கண்ணாடிக்குப் போனது. வெள்ளைக்காரர் ஏதோ எண்ணைச் சொல்லி மிஷினைத் திருகினார். பல்லுக்கு அளவெடுக்கிறார்கள் என்று அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். ஆனால் முந்தானை மட்டும் வாயை விட்டு இறங்கவில்லை.

அந்த அம்மா அத்தையின் கையைத் தொட்டு இழுக்கவில்லை. எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் வாயையும் கையால் மூடிக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா தன் கையை மெள்ள எடுத்தார். அத்தையும் எடுத்தாள். நான் டேப்பைப் பிடித்தபடி அதைப் பார்த்தேன். டாக்டர்கள் இப்படியெல்லாம் செய்வார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அருவிக்கு வரச் சொல்லிச் சைகை காட்டினார். அதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. குற்றாலத் தண்ணீரில் மூலிகை இருக்கிறது, அதைச் சேர்த்து வைத்தியம் பார்க்கிறாள், கெட்டிக்காரி என்று அம்மாகூடச் சொன்னாள். அப்பாவே விசில் ஊதிப் பெண்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அருவி ஓரத்தில் நின்றாள். அந்த அம்மா கால்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி அத்தை பக்கத்தில் நின்றுகொண்டார். வெள்ளைக்காரர் எட்ட நின்று மிஷினுக்குக் குடை பிடித்தார், தான் நனைந்தார். அப்போது பொதிகைக் காற்று ஒன்று வந்தது. குடை மேல்பக்கமாகப் புரண்டு, கம்பியோடு பூ மாதிரி விரிந்து, அவர் கையை விட்டுப் பறந்து பாறையில் போய் உட்கார்ந்தது. அந்த நெட்டை மனிதர் அதைப் பிடிக்கவும் முடியாமல் மிஷினை விடவும் முடியாமல் ஒற்றைக்காலில் ஆடினார். அத்தை சிரித்தாள். வாய்க்கால் சிரிப்பு. அருவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பல் அத்தனையும் தெரிந்தது. இரண்டு கையும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மாவும் சிரித்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் மெட்ராஸ்காரர் பெட்டியோடு வந்து இறங்கினார். வாசலில் வரிசையைப் பார்த்து, இது என்ன கூட்டம் ஏட்டையா என்று கேட்டார். பல் காட்டுகிற கூட்டம் என்று அப்பா சொன்னார். அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல், "ஐயா, அவங்க டாக்டர் இல்ல, டைரக்டர். சினிமாப் படம் எடுக்கிறவங்க" என்றார்.

வரிசை கலைந்தது. சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை.

"யாரா இருந்தா என்னவே? மாத்திர இருக்கா இல்லியா, அதக் கேளும்."

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பூட்ஸ் இரண்டும் அசையவே இல்லை. கலியாணத்துக்கு நிற்கிற தங்கச்சியை ஏட்டையாவே சினிமாக்காரர்களிடம் கூட்டிப் போய்விட்டார் என்று கீழப்பாவூருக்குச் சேதி போனால் என்ன ஆகும்?

வீட்டுக்கு வந்ததும் கோபம் அத்தை மேல் திரும்பியது.

"ஏட்டி, அந்த மிஷினுக்கு முன்னால என்னத்துக்குச் சிரிச்ச?"

அம்மாதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "டாக்டர்ன்னு கூட்டிட்டுப் போனது நீங்க. அவ சிரிச்சதுக்கு ஏசுதியளாக்கும்?"

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். தென்காசி டாக்டரிடமே போய் முன்பல்லை எடுத்து செட் வைத்துவிடுவது, ஆவணிக்குள் புண் ஆறிவிடும் என்று முடிவு செய்தார்.

டைரக்டரம்மா நடந்ததைக் கேட்டுச் சிரிக்கவில்லை என்று மெட்ராஸ்காரர் சொன்னார். ஏன் பல், ஏன் பல் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். தென்காசியில் ஒரு சீனாக்காரர் இருக்கிறார் என்று தெரிந்ததும் உடனே அவரைப் பார்க்க வேண்டும் என்றாராம். இன்ஸ்பெக்டர் அப்பாவிடம், அவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் கூடப் போகச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கும் அங்கே வேலை இருந்தது. அதனால் எல்லாரும் ஒரே வேனில் தென்காசி போனோம்.

பல் டாக்டர் அந்த அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். டைரக்டரம்மா சீனத்தில் ஏதோ பேசினார். டாக்டர் கேட்டுவிட்டுக் காதைச் சொறிந்தார்.

"அவுக பேசுதது வேற மாதிரில்லா இருக்கு. எங்க அப்பா பேசுவாரு. எனக்கு நாலு வார்த்த தெரியும். அதும் ஏச்சு."

மெட்ராஸ்காரர் அதை இங்கிலீஷில் சொன்னதும் டைரக்டரம்மா அந்த நாலு வார்த்தையைச் சொல்லச் சொன்னார். டாக்டர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்றைச் சொன்னார். டைரக்டரம்மா தொடையில் தட்டிச் சிரித்தார். அது மட்டும் அவருக்குப் புரிந்தது. ஒரே மாதிரி முகம் இரண்டு, நடுவில் மெட்ராஸ்காரர் ஒருவர் தமிழையும் இங்கிலீஷையும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரின் அப்பா சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பல் பிடுங்கப் போன கதை ஒரு பக்கம். டைரக்டரம்மாவின் அப்பா ஊரார் சட்டைகளை வெளுத்து இஸ்திரி போட்ட கதை இன்னொரு பக்கம். டைரக்டரம்மா தோளில் குரலைப் பிடிக்கிற ஒரு பெட்டியை மாட்டி, மைக்கைக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரர் ஜன்னல் பக்கம் மிஷினை வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடுவது போல் அது சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரையும் டைரக்டரம்மாவையும்தான் அது பிடிக்கிறது என்று அப்பா நினைத்திருக்க வேண்டும்.

பிறகு அத்தையை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். விரலால் பல்லை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"பல்லு கல்லு மாதிரில்லா இருக்கு. இத எடுக்கணுமா, ஏட்டையா?"

"எடுத்திருங்க" என்றார் அப்பா.

டைரக்டரம்மா என்ன நடக்கிறது என்று மெட்ராஸ்காரரிடம் கேட்டார். அவர் சொன்னார். டைரக்டரம்மா மைக்கோடு அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. அத்தையின் கண்ணைப் பார்த்து ஏதோ கேட்டார். மெட்ராஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"பல்லை எடுக்க உனக்கு இஷ்டமான்னு அம்மா கேட்கிறாங்க."

அத்தையின் உதடு அசைந்தது. அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"அவளுக்கும் இஷ்டந்தான்."

மெட்ராஸ்காரர் அதை இங்கிலீஷில் சொன்னார். டைரக்டரம்மா நகரவில்லை. இன்னும் அத்தையையே பார்த்தபடி குனிந்து நின்றார். டியூப் லைட் உறுமுகிற சத்தம் கேட்டது. டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் டைரக்டரம்மா நிமிர்ந்து வெள்ளைக்காரருக்குக் கை காட்டினார். மிஷின் நின்றது.

அவர் வெளியே வந்து மாடிப்படி ஓரத்தில் நின்றார். என்னையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கீழே தெருவில் மழை. மங்குஸ்தான் வண்டிக்காரர் ஒருவர் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ உலோகத் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் டைரக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். பிறகு பையிலிருந்து அந்த அளவு டேப்பை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். ஏன் கொடுத்தார் என்று கேட்க எனக்குப் பாஷையும் இல்லை, தைரியமும் இல்லை. அவர்கள் மறுநாள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அந்த டேப்பை வைத்து அம்மா வெகுகாலம் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தாள். ஓரம் பிரிந்து, எண்கள் அழிந்து, ஏதோ ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது காணாமல் போயிற்று. டாக்டர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பல் பொட்டலம் என்ன ஆயிற்று என்பதும் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன், எங்கோ புதைத்தேன் என்றாள். அத்தையிடம் கேட்டதில்லை.

கீழப்பாவூர்க்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துப் போயிற்று. கலியாணம் நன்றாகவே நடந்தது. மாமா தங்கமான மனிதர். அப்பா சாகிறவரைக்கும் தான் எடுத்த முடிவு சரி என்றுதான் நினைத்திருந்தார். தங்கச்சி வாழ்ந்துவிட்டாள், அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்றே ஒன்றுதான் உறுத்தும். செட் வைத்த பிறகும், பல் வரிசையாக ஆன பிறகும், அத்தை வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். யாராவது கூப்பிட்டால் முந்தானை நுனி முதலில் போகும். பல்லு போச்சு, கை போகலையே என்று அம்மா ஒருதடவை சொன்னாள். கரும்பு வாங்கினால் துண்டு துண்டாக நறுக்கித்தான் தின்ன வேண்டியிருந்தது. வாய்க்கால் சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்த டைரக்டரம்மா என்ன ஆனார் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. அந்தப் படம் எங்காவது ஓடியதா? அவருக்குக் கலியாணம் ஆயிற்றா? சட்டை வெளுக்கிறவர் மகள் எப்படி டைரக்டர் ஆனார்? பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

இந்த வருஷம் சீசனுக்கு என் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். மின்சாரம் போன ஒரு மத்தியானம் அவளிடம் இதைச் சொன்னேன். அவள் போனில் என்னென்னவோ தட்டினாள். அமெரிக்கா, சீன வம்சம், பெண் டைரக்டர், குற்றாலம். தேடித் தேடி ஒரு கிழவியின் படத்தைக் காட்டினாள். முடி பஞ்சாக வெளுத்திருந்தது. ஆனால் அதே கிராப்பு, சட்டைப்பையில் அதே பேனாக்கள்.

மகள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ஒரு துறைமுக ஊரில், வெளுப்புக் கடைக்கு மேல் மாடியில் பிறந்தவராம். இஸ்திரி போட்ட சட்டைகளை ஒரு சினிமாத் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். பக்கக் கதவு வழியாகப் பாதிப் படம் பார்த்துவிட்டு வருவாராம். முதலில் பிலிம் ஒட்டுகிற வேலை. அந்த நாட்டில் அவர் ஜாதிப் பெண்கள் டைரக்டர் நாற்காலியில் உட்காருவதை யாரும் பார்த்திராத காலம். முதல் படம் எடுத்த அன்று காவலாளி அவரைத் துணி எடுக்க வந்தவள் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டியிருக்கிறார். பின்வாசல் வழியாகவே போய்ப் படத்தை எடுத்து முடித்தாராம். பிறகும் கம்பெனிக்காரர்கள் சீனாக்காரர் கதை என்றால் மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். அலுத்துப்போய், ஒரே ஒரு கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு தேசம் தேசமாகப் போய், கதையில்லாத படங்கள் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். அவற்றை வாங்க ஆளில்லை. பெட்டிகளை அவருடைய தம்பி தன் சாப்பாட்டுக் கடைக் கிடங்கில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தாராம். பழைய பிலிம் கெட்டுப்போனால் வினிகர் வாசனை அடிக்குமாம். சாப்பாட்டுக் கடை என்பதால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. டைரக்டரம்மா இறந்த பிறகுதான் அவற்றை எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.

கடைசி காலத்தில் அவர் கொடுத்த ஒரு பேட்டியில் எங்கள் ஊர் வந்தது. தென்னிந்தியாவில் ஒரு அருவியூரில் என்னைப் பல் டாக்டர் என்று நினைத்தார்கள், ஆளைப் பார்த்ததும் எனக்குப் பதவி உயர்வு கொடுத்த ஊர் அது ஒன்றுதான் என்று சொல்லியிருந்தார். நானும் மகளும் சிரித்தோம். அடுத்ததை மகள் கொஞ்சம் மெதுவாக வாசித்தாள். அங்கே ஒரு பெண்ணிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன், பதில் ஒரு ஆண் குரலில் வந்தது. அன்றைக்கு அப்புறம் என் கேமராக்காரரிடம் ஒன்றைத்தான் சொல்லி வந்தேன்: பேசுகிறவரை விட்டுவிடு, பேசாதவரைப் பார்.

அந்தப் படம் போனிலேயே கிடைத்தது. நான் முழுதும் பார்க்கவில்லை. அத்தையை விட்டுவிட்டு முதலில் நான் பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது.

கீழப்பாவூருக்கு மறுநாள் போனோம். மாமா தவறிய பிறகு அத்தை மகன் வீட்டில் இருக்கிறாள். சாப்பிட்டு முடித்துச் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை வாய்க்குப் போயிற்று. மகள் போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள்.

பங்களா வாசல் வரிசை வந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள், சாக்குப் போர்த்திய பெரியவர், லத்தியோடு அப்பா. அத்தை ஒவ்வொருவராக அடையாளம் சொன்னாள். தென்காசி மாடி வந்தது. டாக்டர் அந்த ஏச்சு வார்த்தையைச் சொன்னார். பிறகு நாற்காலியில் அத்தை. எவ்வளவு சின்னப் பிள்ளை என்று என் மகள் முணுமுணுத்தாள். மெட்ராஸ்காரரின் குரல் கேட்டது. பல்லை எடுக்க உனக்கு இஷ்டமான்னு அம்மா கேட்கிறாங்க. உடனே அப்பாவின் குரல்.

அவர் குரலைக் கேட்டு எவ்வளவோ வருஷமாகிவிட்டது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். மிஷின் அத்தையின் முகத்தை விட்டு நகரவே இல்லை. டியூப் லைட் உறுமியது. உதடு அசைந்து நின்றுபோன அந்த முகத்தை அப்படியே வைத்திருந்தார் டைரக்டரம்மா, போதும் போதும் என்று நாம் நினைக்கிறவரைக்கும்.

அப்புறம் சட்டென்று அருவி. அத்தை தண்ணீரில் நின்று, கை இரண்டும் தொங்க, பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.

அத்தை போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அண்ணன் கொரலு அப்படியே இருக்குல்லா என்று மட்டும் சொன்னாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏட்டி, அருவிக்குப் போனது மொதல்லல்லா? டாக்டர்ட்டப் போனது பொறவு. எடத்த மாத்திப் போட்டிருக்காளே."

ஆமாம் என்றேன்.

"தெரிஞ்சுதான் போட்டிருக்கா" என்றாள் அத்தை. அவள் கை எப்போது வாயை விட்டு இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை. மடியில் கிடந்தது.

இன்னொருக்கப் போடச் சொன்னாள், அண்ணன் பேசுகிற இடத்திலிருந்து. மகள் விரலால் பின்னுக்குத் தள்ளினாள். நாற்காலி வந்தது, கேள்வி வந்தது. அவளுக்கும் இஷ்டந்தான் என்று அப்பா சொன்னார்.

அத்தை போனைப் பார்த்து, இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்று சொல்வது போல, "இல்லண்ணே" என்றாள்.

பிறகு அருவி வந்தது.